சுயமாகக் கற்று வேலைக்கு வந்தவர்கள், அடுத்து எதைப் படிப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கேள்வி: அரைப்புள்ளி

வணக்கம் நண்பர்களே. நான் படித்தது வணிகவியல். கணினி அறிவியல் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. ஃப்ரீகோட்கேம்பில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்று ஆரம்பித்தேன். வெப் தொழில்நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் பக்கங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் கற்றேன். தெரிந்தவர்களுக்குச் சின்னச் சின்னத் தளங்கள் செய்து கொடுத்து, அப்படியே வேலைக்கும் வந்துவிட்டேன். இப்போது ஆர்டர், இன்வாய்ஸ் நிர்வாகத்துக்கான ஒரு வெப் அப்ளிகேஷனில் இருக்கிறேன். முன்பக்கம் ரியாக்ட், பின்பக்கம் நோட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். கொடுத்த டிக்கெட்டை முடித்துவிடுவேன். கோட் ரிவியூவில் பெரிய குறை எதுவும் வருவதில்லை.

சிக்கல் அடுத்து எதைப் படிப்பது என்பதில்தான். சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் தெரியாமல் இனிக் காலம் தள்ள முடியாது என்கிறார் டீமில் ஒருவர். இன்னொருவர் ரஸ்ட் மொழியைப் படி என்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏஐ பக்கம் போ என்கிறார் மூன்றாமவர். நானும் ஒவ்வொன்றாகத் தொடங்குகிறேன், எதுவும் பாதியைத் தாண்டுவதில்லை. ரஸ்ட் கோர்ஸ் ஓனர்ஷிப் பாடத்தோடு நிற்கிறது. குபர்நெட்டீஸ் கோர்ஸில் யாம்ல் என்ற அமைப்புக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன், ஓடியது. என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கற்ற எதையும் வேலையில் தொடவே இல்லை, அதனால் இரண்டு மாதத்தில் மறந்தும் போகிறது.

சமீபத்தில் ஒரு மீட்டிங். வாடிக்கையாளரைத் தேடும் பக்கம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்திருந்தது. சீனியர் ஒருவர், டேட்டாபேஸைத் தேடச் சொல்லும் கட்டளையான குவெரியைப் பார்த்தவுடன், "ஈமெயில் மேல லோயர் ஃபங்ஷன் போட்டிருக்கே, அப்புறம் இண்டெக்ஸ் எப்படி வேலை செய்யும்?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். இண்டெக்ஸ் போட்டால் தேடல் வேகமாகும் என்று எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றும் லோயரைப் போட்டால் அது ஏன் வேலை செய்யாது என்று தெரியாது. கேட்க நினைத்தேன், அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு சிலபஸ் இருந்தது. பிடித்ததோ இல்லையோ, எல்லாவற்றையும் ஒருமுறை கடந்து வந்திருக்கிறார்கள். எனக்கு எது விட்டுப்போயிற்று என்று காட்ட ஆளில்லை. என்னைப் போலவே வந்து பல வருடம் தாக்குப்பிடித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எதைப் படிப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? எந்த நேரத்தில் படிக்கிறீர்கள்?


பதில்: பழைய_டெர்மினல்

நானும் உங்கள் வழியில் வந்தவன்தான். நான் தொழிலுக்குள் நுழைந்தபோது ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி புதுசு, 2006-இல்தான் வெளிவந்திருந்தது. தளங்களில் அனிமேஷன் ஓட்டும் ஃப்ளாஷ் தெரிந்தவருக்குத் தனி மரியாதை. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் ராத்திரி ராத்திரியாக உழைத்தவர்களை எனக்குத் தெரியும். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் பிளேயரை நிறுத்திவிட்டது. இடையில் 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ் வந்தது. 2016-இல் வந்த ஆங்குலர் 2 முழுக்க வேறு ஆள். பழைய கோடைப் பெரும்பாலும் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

அதே காலத்தில் நான் பிழைப்புக்காகக் கற்ற, குவெரிகளை எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லைப் பாருங்கள். 1974-இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் எழுதிய கட்டுரையில் தொடங்கியது அது. 1986-இல் தரநிலை ஆனது. அன்றைக்குக் கற்ற ஜாயின், குரூப் பை இரண்டையும் இன்று காலையிலும் எழுதினேன். எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோடுகள், 2005-இல் வந்த கிட், டெர்மினலில் கிரெப், பைப் எல்லாமே அப்படித்தான். ஆகவே எது புதிதாக வந்திருக்கிறது என்று நான் தேடிப் போவதில்லை. கையில் இருக்கும் வேலைக்கு ஒரு அடுக்குக் கீழே என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கிறேன். நான் வைத்திருக்கும் முறை இது ஒன்றுதான். பிறகு சொல்வதெல்லாம் இதன் விளக்கம்.

எது விட்டுப்போயிற்று என்று காட்ட ஆளில்லை என்றீர்கள். காட்டிவிட்டார்களே! அந்த மீட்டிங்கில் எல்லாரும் தலையாட்டிய இடம்தான் உங்களுடைய அடுத்த பாடம். வேலையில் "எப்படியோ ஓடுது, தொடாதே" என்று தாண்டிப் போகும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலபஸ் அங்கேதான் எழுதிக் கிடக்கிறது. ஒரே ஒரு அடுக்குக் கீழே போனால் போதும். பாதாளம் வரை போக வேண்டியதில்லை.

லோயர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால் உருவாவது பி-ட்ரீ என்னும் அமைப்பு. ஈமெயில்களை வரிசைப்படுத்தி, மேலிருந்து கீழாகக் கிளை கிளையாக வைத்திருக்கும். பத்து லட்சம் வரிகள் இருந்தாலும் மூன்று நான்கு படி இறங்கினால் வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் அங்கே வரிசையில் இருப்பது ஈமெயில்கள். நீங்கள் கேட்பதோ லோயர் செய்த பிறகு கிடைக்கும் மதிப்பு. அந்த மதிப்புகள் வரிசையாக எங்கேயும் இல்லை. அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு "ழ்" என்று முடியும் சொற்களையெல்லாம் கொடு என்று கேட்டால் என்ன செய்வோம்? முதல் பக்கத்திலிருந்து புரட்டத்தான் வேண்டும். டேட்டாபேஸும் அதையே செய்கிறது: ஒவ்வொரு வரியையும் எடுத்து, லோயர் செய்து, ஒப்பிட்டுப் பார்க்கிறது. தீர்வு, லோயர் செய்த மதிப்பின் மேலேயே ஒரு இண்டெக்ஸ் போடுவது. போஸ்ட்கிரெஸில் அதற்கு எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸ் என்று பெயர். மைஎஸ்க்யூஎல் 8.0.13 முதல் அங்கேயும் உண்டு.

இது ஒன்று பிடிபட்டால் கூடவே எத்தனை திறக்கிறது பாருங்கள். லைக் தேடலில், "இங்கே எது வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று பொருள்படும் சதவீதக் குறியை முன்னால் போட்டால் ஏன் மெதுவாகிறது? அதே காரணம். ஊர், பெயர் என்று இரண்டு நெடுவரிசைகளுக்குச் சேர்த்து இண்டெக்ஸ் போட்டுவிட்டு, பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏன் பெரிதாகப் பயனில்லை? ஊர்வாரியாக அடுக்கிய பிறகுதானே பெயர்வாரியாக அடுக்கியிருக்கிறது. பக்கம் பக்கமாகக் காட்டும் பட்டியலில் ஆயிரமாவது பக்கம் ஏன் திணறுகிறது? ஆஃப்செட் என்றால் அத்தனை வரிகளையும் கடந்து போய், கடந்ததையெல்லாம் தூக்கிப்போட்ட பிறகுதான் உங்களுக்கு வேண்டிய இருபது வரி வரும். நான்கு தனித்தனி டிப்ஸாக மனப்பாடம் செய்யலாம், இல்லை வரிசை என்ற ஒரே விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். டிப்ஸ் மறந்துபோகும்.

சரி, எப்படிக் கற்பது? உங்கள் மெஷினில் ஒரு டேபிள் உருவாக்குங்கள். போஸ்ட்கிரெஸில் ஜெனரேட்_சீரீஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதை வைத்து ஒரே கட்டளையில் பத்து லட்சம் வரிகளை நிரப்பிவிடலாம். ஐம்பது வரி டேபிளில் சோதித்துப் பார்க்காதீர்கள். அவ்வளவு சின்ன டேபிளுக்கு முழுதாகப் படிப்பதே மலிவு என்று, தேடும் வழியைத் தீர்மானிக்கும் பிளானர் முடிவு செய்யும். இண்டெக்ஸ் இருந்தும் தொடாது, நீங்கள் குழம்பிப்போவீர்கள். பிறகு குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டு ஓட்டுங்கள், டேட்டாபேஸ் எந்த வழியில் தேடியது, எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும். ஓட்டுவதற்கு முன்னால், என்ன வரும் என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒரு வரி எழுதிவையுங்கள். அதை மட்டும் தவிர்க்காதீர்கள். எழுதாமல் ஓட்டினால் வந்த விடை எதுவானாலும் "ஆமாம், இதுதானே" என்று தோன்றும். எழுதிவைத்தால் உங்கள் கணக்குக்கும் மெஷினின் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் கண்ணெதிரே நிற்கும். கற்க வேண்டியது அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் அதையே மறுபடி எழுதிப் பாருங்கள். மறப்பது உங்கள் குறையல்ல, பார்த்துத் தட்டியதை மூளை வைத்துக்கொள்ளாது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். கோர்ஸ் வீடியோவை இரண்டாம் முறை ஓடவிடும்போது கிடைக்கும் "எல்லாம் புரிகிறது" என்ற உணர்வை நம்ப வேண்டாம் என்று அதைப் படித்ததிலிருந்து எல்லாருக்கும் சொல்லி வருகிறேன்.

முன்பக்க வேலைக்கும் இதே முறைதான். ரியாக்ட் ஹுக்ஸ் 2019 பிப்ரவரியில், 16.8 பதிப்பில் வந்தது. யூஸ்எஃபெக்ட்டுக்குள் வைத்த டைமர் ஸ்டேட்டின் பழைய மதிப்பையே காட்டிக்கொண்டிருக்கும் தொல்லையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு அடுக்குக் கீழே இருப்பது ஜாவாஸ்கிரிப்டின் கிளோஷர். ஃபங்ஷன் பிறந்த நேரத்தில் சுற்றியிருந்த மாறிகளை அது கையோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. 1975-இல் வந்த ஸ்கீம் மொழியிலேயே இருந்த விஷயம். ஒருமுறை சரியாகப் புரிந்துவிட்டால் பைத்தான், கோ, ஸ்விஃப்ட் எங்கே போனாலும் கூடவே வரும்.

குபர்நெட்டீஸ் பற்றி: அப்ளிகேஷனை சர்வரில் ஏற்றும் டெப்ளாய்மென்ட் உங்கள் பொறுப்பில் வரும்வரை விட்டுவிடுங்கள். ஆர்வம் இருந்தால் டாக்கர் கன்டெய்னர் என்பது என்ன என்று மட்டும் பாருங்கள். லினக்ஸ் மெஷினில் ஒரு கன்டெய்னரை ஓடவிட்டு, வெளியே இன்னொரு டெர்மினலில் ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை கொடுத்தால், உள்ளே ஓடும் புரோகிராம் சாதாரண புராசஸ்களோடு புராசஸாக வரிசையில் நிற்கும். நேம்ஸ்பேஸ், சிகுரூப் என்ற இரண்டு கெர்னல் வசதிகள் அதற்குத் தனி உலகம் போல ஒரு எல்லை போட்டிருக்கின்றன, அவ்வளவுதான். இதைக் கண்ணால் பார்த்தவர் குபர்நெட்டீஸுக்குள் போனால் யாம்ல் கோப்பைப் பார்த்து மிரள மாட்டார்.

நேரம்? வேலை நேரத்துக்குள்ளேயேதான். டிக்கெட்டுக்கு மதிப்பீடு கொடுக்கும்போதே, காரணத்தைத் தோண்டிப் பார்க்க ஒரு அரைமணி சேர்த்துக்கொள்வேன். இது யாரையும் ஏமாற்றுவதாகாது. காரணம் தெரியாமல் சரிசெய்த பக் வேறு பெயரில் திரும்பி வரும், அதற்கும் நேரம் போகும். ராத்திரி உட்கார்ந்து படிப்பதை நான் நிறுத்தி ரொம்ப காலமாகிறது.


அரைப்புள்ளி

ரொம்ப நன்றி. இரண்டு முறை படித்துவிட்டு, நீங்கள் சொன்னபடியே பத்து லட்சம் வரிகளோடு டேபிள் போட்டுப் பார்த்தேன். லோயர் போட்ட குவெரிக்கு, டேபிளை முழுதாகப் படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன் வரும் என்று எழுதிவைத்தேன், அப்படியே வந்தது. எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸ் போட்டதும் இண்டெக்ஸ் ஸ்கேன் ஆனது. எவ்வளவு குறைந்தது என்று பார்த்தபோது நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். மீட்டிங்கில் பேசியதைத் திருப்பிச் சொல்ல எனக்கு இனி யாரும் தேவையில்லை.

அடுத்து ஒன்று செய்தேன், அதில்தான் சந்தேகம். சதவீதக் குறி பின்னால் இருந்தால், அதாவது "இந்த எழுத்துகளில் தொடங்குவது" என்று கேட்டால், வரிசை உதவத்தானே வேண்டும்? சாதாரண ஈமெயில் இண்டெக்ஸே போதும் என்று எழுதிவைத்தேன். ஓட்டினால் அதற்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன்தான் வருகிறது! அகராதியில் "கா" என்று தொடங்குவதைத் தேட முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதில்லையே. எங்கே இடிக்கிறது?


பழைய_டெர்மினல்

அருமையான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். பல வருடம் போஸ்ட்கிரெஸ் ஓட்டியவர்களே இதில் நின்று யோசிப்பார்கள்.

உங்கள் யோசனை சரி. வரிசை எந்த விதிப்படி என்பதில்தான் விஷயம். உங்கள் டேட்டாபேஸ் ஏதோ ஒரு மொழியின் அகரவரிசை விதிப்படி உருவாகியிருக்கும். அதற்குக் கொலேஷன் என்று பெயர். மொழி விதிப்படி அடுக்கும்போது எழுத்து எழுத்தாக இடமிருந்து வலம் ஒப்பிட்டால் போதாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நிறுத்தற்குறி எல்லாவற்றுக்கும் தனி விதி உண்டு. ஆகவே ஒரே தொடக்கம் கொண்டவை எல்லாம் அடுத்தடுத்துத்தான் இருக்கும் என்று பிளானரால் உறுதியாக இருக்க முடியாது. அதனால் லைக் தேடலுக்கு அந்த இண்டெக்ஸைத் தொடுவதில்லை. இண்டெக்ஸ் உருவாக்கும்போது டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்று சேர்த்துப் பாருங்கள். மொழி விதியை விட்டுவிட்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும், உங்கள் குவெரி அதைப் பிடித்துக்கொள்ளும். டேட்டாபேஸின் கொலேஷன் "சி" என்று இருந்திருந்தால் சாதாரண இண்டெக்ஸே போதுமாக இருந்திருக்கும்.

நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். தமிழ்ப் பெயர்களை யூனிகோட் எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். "ன" என்பது "ந"வுக்கு அடுத்து, "ப"வுக்கு முன்னால் வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். "ற"வும் "ர"வுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். "ஜ" போய் "ச"வுக்கும் "ஞ"வுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். பெயர்ப் பட்டியல் தாறுமாறாக வருகிறது என்று தமிழ் பயனர்களிடமிருந்து புகார் வந்தால் இனி எங்கே பார்ப்பது என்று உங்களுக்குத் தெரியும். இதைக் குறிப்பில் எழுதும்போது விடையை மட்டும் எழுதாதீர்கள். என்ன நினைத்தேன், என்ன வந்தது, ஏன் என்று மூன்றையும் எழுதுங்கள்.


பதில்: இரண்டாம்_ஷிஃப்ட்

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபட வேண்டியிருக்கிறது.

"வேலைக்கு ஒரு அடுக்குக் கீழே" என்பது நல்ல வேலையில் இருப்பவருக்குச் சரி. நான் நெடுங்காலம் ஒரு பழைய பிஎச்பி 5 அப்ளிகேஷனைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். பழைய மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷனில் எழுதியது. அந்த எக்ஸ்டென்ஷன் 2015-இல் வந்த பிஎச்பி 7-இல் இல்லவே இல்லை. நிறுவனம் மாற்ற மாட்டேன் என்றது. அங்கே எத்தனை அடுக்குக் கீழே போயிருந்தாலும் வெளியே போகக் கதவு திறந்திருக்காது. நம்மிடம் பட்டம் இல்லை. ரெஸ்யூமேயை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் டெவலப்பர் இல்லை. கையில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு டூல் பெயர்களைத் தேடுகிறார். பி-ட்ரீ தெரியும் என்பது அந்தப் பட்டியலில் வராது. அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் அந்த அறிவு பேசும். அப்போது நன்றாகவே பேசும், மறுக்கவில்லை.

நான் செய்தது இது. எனக்குப் பிடித்த மாதிரியான வேலை விளம்பரங்களை அவ்வப்போது சேமித்து வைத்தேன். விண்ணப்பிக்க அல்ல, படிக்க. எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தேன். டைப்ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் நான் பயன்படுத்தக்கூடிய ஒரு சின்ன அப்ளிகேஷனை அதில் எழுதினேன்: வீட்டில் எல்லாருடைய மருந்து வேளைகளையும் காட்டும் ஒரு பக்கம். பயன்படுத்தியதால் தினமும் ஏதாவது திருத்த வேண்டியிருந்தது, திருத்தியதால் கற்றேன். இன்டர்வியூவில் அதைத்தான் திறந்து காட்டினேன்.

ராத்திரி படிக்க வேண்டாம் என்பதும் எல்லாருக்கும் முடியாது. வேலை நேரத்தில் கற்க இடம் தராத அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது குழந்தை தூங்கிய பிறகு வரும் நேரம் மட்டும்தான். அதை ஒரே டூலுக்கு, ஒரே ப்ராஜெக்டுக்குச் செலவிட்டேன். ஒரே சமயத்தில் மூன்று கோர்ஸ் திறந்து வைத்திருந்தால் அந்த நேரம் எதைத் திறப்பது என்ற யோசனையிலேயே போயிருக்கும்.

இன்னொன்று. அல்காரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர் பற்றி யாரும் சொல்லவில்லை. வேலையில் தானாக எதிர்ப்படாத பாடம் அது, ஆனால் இன்டர்வியூவில் கேட்கிறார்கள். ஹார்வர்டின் சிஎஸ்50 இலவசம். அதில் சி மொழியில் மெமரியை நேரடியாகக் கையாளும் வாரங்களை மட்டும் விடாதீர்கள். அர்ரேயும் லிங்க்ட் லிஸ்ட்டும் ஏன் வேறு வேறு என்று அங்கே கையால் எழுதிப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாஷ் டேபிளையும் ஒருமுறை சொந்தமாக எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் தினமும் பயன்படுத்தும் மேப்புக்கு ஒரு அடுக்குக் கீழே இருப்பது அதுதான், ஆகவே முந்தைய பதிலோடு சண்டையில்லை.


பதில்: மூன்றாவது_வரி

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே சாட்ஜிபிடி வந்த பிறகு, அதாவது 2022 நவம்பருக்குப் பிறகு. என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: விடை நொடியில் கிடைக்கும்போது எப்படிக் கற்பது? ஏஐ உதவியாளரைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை, தினமும் பயன்படுத்துகிறேன். வரிசையை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன். முதலில் பக்கை மறுபடி நிகழ்த்திக் காட்டும் ஒரு டெஸ்ட்டை நானே எழுதுவேன். பிறகு காரணம் என்னவாக இருக்கும் என்று என் ஊகத்தை எழுதுவேன். அப்புறம்தான் கேட்பேன். வந்த விடையை உடைக்க ஒரு முயற்சியும் செய்வேன்.

ஒரு உதாரணம். பிறந்த தேதி சில பயனர்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது என்று டிக்கெட் வந்தது. என் மெஷினில் எல்லாம் சரியாக இருந்தது. டீஇசட் என்ற சூழல் மாறியில் நேர மண்டலத்தை "அமெரிக்கா/நியூயார்க்" என்று வைத்து டெஸ்ட்டை ஓட்டியதும் பக் கையில் சிக்கியது. உதவியாளரிடம் கேட்டேன். தேதியோடு 4 மணி நேரத்தைக் கூட்டச் சொன்னது. கூட்டினேன், டெஸ்ட் பச்சையானது.

அங்கே நிறுத்தியிருந்தால் எதையும் கற்றிருக்க மாட்டேன். டெஸ்ட்டில் இருந்தது ஜூலை மாதத் தேதி. ஜனவரித் தேதி ஒன்றைக் கொடுத்தேன், மறுபடி சிவப்பு. நியூயார்க் கோடையில் கிரீன்விச்சுக்கு 4 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னால். 4 மணி கூட்டினால் குளிர்காலத்தில் முந்தைய நாள் இரவு 11 மணியில்தான் போய் நிற்கும். பிறகு எம்டிஎன்னில் டேட் பக்கத்தை முழுதாகப் படித்தேன். ஜாவாஸ்கிரிப்ட், நேரம் இல்லாமல் "2024-01-15" என்று தேதி மட்டும் கொடுத்தால் அதை யூடிசி (கிரீன்விச் நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. அதே தேதியோடு நேரத்தையும் சேர்த்து, மண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு முதல் வகை தேதி ஒரு நாள் பின்னால் போவது இதனால்தான். கிழக்கே இருக்கும் மெஷினில் இந்த பக் தலைகாட்டவே காட்டாது. பிறந்த தேதியை டேட் பொருளாக மாற்றாமல் வருடம், மாதம், நாள் என்று மூன்று எண்களாகவே வைத்துக்கொண்டு காட்டுவதுதான் சரியான திருத்தம்.

உதவியாளரிடம் மறுபடி போய், "ஜனவரியில் இது தோற்கிறது, ஏன்?" என்று கேட்டபோது அதுவும் இதே காரணத்தைத் தெளிவாகச் சொன்னது. கேட்கத் தெரிந்தால் சொல்கிறது, கேட்க நமக்கு ஒரு ஜனவரித் தேதி தோன்ற வேண்டும். அரைப்புள்ளி, நீங்கள் லைக் தேடலில் செய்ததும் இதேதான். சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல் அடுத்த குவெரியை நீங்களாக ஓட்டினீர்கள்.

இப்போது எங்கள் டீமில் தேதி தொடர்பான டெஸ்ட்டுகள் எல்லாம் மூன்று நேர மண்டலங்களில், கோடை மாதம் ஒன்று, குளிர் மாதம் ஒன்று என்று ஓடுகின்றன. அமைப்பது எளிது: பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் டெஸ்ட் கட்டளைக்கு முன்னால் டீஇசட் மதிப்பை வைத்து மூன்று வரி சேர்த்தால் போதும். உங்கள் இன்வாய்ஸ் அப்ளிகேஷனில் கெடு தேதி என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் ஓட்டிப் பாருங்கள், என்ன வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.